மனிதனுக்கும் ஏலம்! கபடி கோஷ்டிக்கு ஆள் பொறுக்குவது எப்படி?

செஞ்சிக்கு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் போயிருக்கிறீர்களா?

அங்கே ஆட்டுச் சந்தை கூடியிருக்கும். வியாபாரி ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். முதுகைத் தடவிப் பார்ப்பார். காலைத் தூக்கிப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் விலை பேசுவார்.

அதே ஊரில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் இருக்கிறது. அறுவடைக் காலத்தில் அங்கே நெல் மூட்டைகள் மலைபோல் குவியும். வியாபாரி ஒரு கை நெல்லை அள்ளுவார். ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடிப்பார். ஈரம் எவ்வளவு, அரைத்தால் அரிசி எவ்வளவு உடையும் என்று மனத்துக்குள் கணக்குப் போடுவார். பிறகு தன் விலையை ரகசியமாகக் குறிப்பார். யார் அதிகம் குறித்தாரோ அவருக்கு மூட்டை!

ஆட்டுக்கு விலை உண்டு. நெல்லுக்கு ஏலம் உண்டு. மனிதனுக்கு?

மனிதனுக்கும் ஏலம் உண்டு! மும்பையில் பெரிய ஓட்டலில் விளக்கு வெளிச்சத்தில் நடக்கிறது. "50 லட்சம்! 60 லட்சம்! ஒரு கோடி!" என்று கூவுகிறார்கள். சுத்தியல் தட்டுகிறார்கள். ஏலத்துக்கு வரும் சரக்கு என்ன தெரியுமா? நம் கிராமத்துச் சடுகுடு ஆடும் வாலிபர்கள்!

சடுகுடுவுக்கா இவ்வளவு பணம் என்று பாட்டிமார்கள் மூக்கில் விரல் வைக்கலாம். உண்மைதான். பொங்கலுக்கு ஊர்ப் பொட்டலில், முழங்கால் தேய ஆடிய அதே ஆட்டம்தான். இன்று அதற்கு மெத்தை விரிப்பு, டெலிவிஷன், கோடி ரூபாய் எல்லாம் வந்துவிட்டன.

இந்தக் கோடிகளைக் கொட்டுகிறவர்கள் ஆளை எப்படிப் பொறுக்குகிறார்கள்? அதிக விலை கொடுத்தால் வெற்றி கிடைக்கிறதா? இதனால் நம் வீட்டுப் பிள்ளைக்கு என்ன லாபம், என்ன ஆபத்து? பார்ப்போம்.

பாடிப் போகிறவரும் பிடிக்கிறவரும்

முதலில் ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம்.

ஒரு பக்கத்தில் 7 பேர். எதிர்ப் பக்கத்தில் 7 பேர். ஆடுகளம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ஒரு பக்கத்திலிருந்து ஒருவர் மட்டும் "கபடி, கபடி" என்று பாடிக்கொண்டே எதிரியின் எல்லைக்குள் போக வேண்டும். யாரையாவது தொட்டுவிட்டுத் தன் எல்லைக்குத் திரும்ப வேண்டும். இதற்கு 30 விநாடிதான் நேரம்.

இப்படிப் பாடிப் போகிறவரை இப்போது "ரெய்டர்" என்கிறார்கள். அவரை மடக்குகிறவர்கள் பிடிக்கிறவர்கள். ரெய்டர் தொட்டுவிட்டுத் தப்பினால், தொடப்பட்டவர் வெளியே போக வேண்டும். ரெய்டரைப் பிடித்துவிட்டால் ரெய்டரே வெளியே!

தனி ஆளாக ஏழு பேர் நடுவில் போகிறவர் அல்லவா? ஜனங்களின் கண் அவர் மேலேயே இருக்கும். கைதட்டல் அவருக்குத்தான். ஏலத்திலும் பெரும்பாலும் அவருக்குத்தான் பெரிய விலை.

12 லட்சம், 2 கோடியானது!

புரோ கபடி லீக் என்ற இந்தப் போட்டி 2014-ம் ஆண்டு எட்டுக் கோஷ்டிகளோடு தொடங்கியது. அந்த ஆண்டு ஏலத்தில் மிக அதிக விலைக்குப் போனவர் ராகேஷ் குமார். அவரைப் பாட்னா கோஷ்டி 12 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய்க்கு எடுத்தது. "அம்மாடி!" என்று அன்று எல்லோரும் வியந்தார்கள்.

2017-ல் கோஷ்டிகள் 12 ஆயின. அப்போது வந்ததுதான் சென்னையைச் சேர்ந்த தமிழ் தலைவாஸ்.

2018-ல் விலை ஒரு கோடியைத் தாண்டியது. 2022-ல் இரண்டு கோடியைத் தாண்டியது. 2025-ம் ஆண்டு மே 31, ஜூன் 1 தேதிகளில் நடந்த ஏலத்தில் மட்டும் பத்துப் பேர் ஒரு கோடிக்கு மேல் போனார்கள்!

ஏலம் நடக்கும் விதம்

ஏலத்துக்கு வருகிற ஆட்டக்காரர்களை நான்கு ரகமாகப் பிரிக்கிறார்கள். 2025 ஏலத்தில் முதல் ரகத்துக்கு ஆரம்ப விலை 30 லட்சம். இரண்டாவது ரகத்துக்கு 20 லட்சம். மூன்றாவதற்கு 13 லட்சம். நான்காவதற்கு 9 லட்சம். யாராவது கை தூக்கினால்தான் இந்த விலையும். ஒருவரும் கை தூக்காவிட்டால்? வெறும் கையோடு ஊர் திரும்ப வேண்டியதுதான்!

பழைய கோஷ்டிக்கு ஒரு சலுகை உண்டு. தன்னிடம் ஆடியவரை வேறொரு கோஷ்டி ஏலத்தில் எடுத்துவிட்டால், "அந்தக் கடைசி விலையை நானே தருகிறேன்" என்று சீட்டைக் காட்டித் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இந்தச் சலுகை அளவோடுதான்.

இன்னொரு வழியும் உண்டு. இதுவரை பெரிய போட்டியில் ஆடாத இளம் வாலிபர்கள் சிலரைக் கோஷ்டிகள் ஏலத்துக்கு வெளியே குறைந்த சம்பளத்தில் எடுத்துக்கொள்ளலாம். இந்த வழியைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். கதையின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது!

குடும்பச் செலவு மாதிரிதான்!

பணம் உள்ளவர் எவ்வளவு வேண்டுமானாலும் கொட்டலாமா? கூடாது. ஒவ்வொரு கோஷ்டிக்கும் ஓர் எல்லை உண்டு. 2022-ல் அந்த எல்லை 4 கோடியே 40 லட்சம். 2023 முதல் 5 கோடி. இந்தப் பணத்துக்குள் குறைந்தது 18 ஆட்டக்காரர்களைச் சேர்க்க வேண்டும்.

வீட்டுப் பெண்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும். மாதச் சம்பளம் ஒரே தொகைதான். அதிலேதான் அரிசி, பருப்பு, பால், பள்ளிச் சம்பளம், மருந்து எல்லாம். முதல் தேதியிலேயே பாதிப் பணத்துக்குப் பட்டுப்புடவை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? புடவை அழகாகத்தான் இருக்கும். மாதக் கடைசியில் அடுப்பு எரியாது!

2022 ஏலத்தில் நடந்ததைக் கேளுங்கள்.

பவன் செராவத் என்று ஒரு ரெய்டர். பெங்களூர்க் கோஷ்டியில் ஆடியவர். அந்தக் கோஷ்டி 2019 ஜனவரியில் கோப்பையை வென்றபோது, இறுதிப் பந்தயத்தில் அவர் ஒருவரே 22 புள்ளிகள் எடுத்தார். தொடர்ந்து மூன்று போட்டிகளில் ரெய்டர்களில் முதல்வராக வந்தவர். தாவிக் குதிப்பதில் சூரர். பிடிக்க வருகிறவரின் தலைக்கு மேலேயே பறந்துவிடுவார்!

அவரைத் தமிழ் தலைவாஸ் எடுத்தது. விலை 2 கோடியே 26 லட்சம். அதுவரை எந்தக் கபடி ஆட்டக்காரருக்கும் அவ்வளவு விலை கிடைத்ததில்லை.

கையில் இருந்ததோ 4 கோடியே 40 லட்சம். பாதிக்கு மேல் ஒருவருக்கே போய்விட்டது. மிச்சம் 2 கோடியே 14 லட்சம். இன்னும் 17 பேராவது வேண்டும். பங்கிட்டுப் பாருங்கள். ஆளுக்குச் சராசரி 12 லட்சத்துச் சொச்சம்தான்!

முதல் நாளே இடி!

2022 அக்டோபரில் பெங்களூரில் போட்டி தொடங்கியது. தமிழ் தலைவாஸ் கோஷ்டிக்கு முதல் பந்தயம் குஜராத்தோடு. தமிழ்நாடு முழுவதும் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருந்தது.

ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரம்தான் ஆயிற்று. எதிர்க்கோஷ்டி ரெய்டர் ஒருவரைப் பிடிக்கப் பவன் பாய்ந்தார். முழங்கால் மடங்கியது. விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. தூக்கிக்கொண்டு போனார்கள்.

அந்தப் போட்டி முழுவதும் அவர் திரும்பி வரவே இல்லை. 2 கோடியே 26 லட்சம்! ஆடியது ஒரு பந்தயம்கூட முழுதாக இல்லை!

"தலைவாஸ் கதை முடிந்தது" என்று எல்லோரும் எண்ணினார்கள். எண்ணியதில் நியாயமும் உண்டு. அதற்கு முன் ஆடிய எந்த ஆண்டிலும் அந்தக் கோஷ்டி உருப்படியாக வந்ததில்லை. 2019-ல் ராகுல் சௌத்ரி என்ற பிரபல ரெய்டரை 94 லட்சம் கொடுத்து எடுத்தார்கள். அந்த ஆண்டு 12 கோஷ்டிகளில் 12-வது இடம்!

ஆனால் நடந்ததோ வேறு.

யார் இந்த நரேந்தர்?

அந்தக் கோஷ்டியில் நரேந்தர் என்று ஒரு வாலிபர் இருந்தார். ஹரியானா மாநிலத்தைச் சேர்ந்தவர். ஏலத்துக்கு வெளியே "புது இளைஞர்" என்ற முறையில் எடுக்கப்பட்டவர். அதற்கு முன் இந்தப் பெரிய போட்டியில் ஆடியதே இல்லை.

பெரிய ஆள் படுத்துவிட்டார். சிறிய ஆளுக்கு இடம் கிடைத்தது. பையன் பாடிக்கொண்டு போனான். தொட்டான். திரும்பினான். மறுபடி போனான். மறுபடி தொட்டான். போட்டி முடிந்தபோது அவர் எடுத்திருந்த ரெய்டுப் புள்ளிகள் 243!

தமிழ் தலைவாஸ் சரித்திரத்திலேயே முதல் தடவையாக அரையிறுதிக்குப் போனது. அதற்கு முந்திய பந்தயத்தில் உத்தரப்பிரதேசக் கோஷ்டியோடு 36-36 என்று சமமாகி, பிறகு கூடுதல் ரெய்டுகளில் வென்றது. அரையிறுதியில் புனே கோஷ்டியிடம் 37-க்கு 39 என்று இரண்டே புள்ளியில் தோற்றது.

கோடி கொடுத்து வாங்கியவர் இல்லாத ஆண்டில்தான் கோஷ்டி மேலே வந்தது. இது என்ன விந்தை?

விந்தை ஒன்றுமில்லை. பின்னால் நின்று பிடித்தவர்கள் அந்த ஆண்டு நன்றாக அமைந்துவிட்டார்கள். சாகர், சாகில் போன்ற இளைஞர்கள் மூலையில் நின்று எதிரியின் காலை இரும்புப் பிடியாகப் பிடித்தார்கள். தமிழ்நாட்டு வாலிபர் அபிஷேக்கும் அவர்களோடு நின்றார். எதிரி புள்ளி எடுக்காமல் தடுத்தால், நம் ரெய்டர் கொண்டுவருகிற புள்ளி வீணாகாது. பானையில் ஓட்டை இல்லாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாலும் நிறையும். ஓட்டைப் பானையில் ஆற்றைத் திருப்பிவிட்டாலும் நிற்காது!

இதோ ஓட்டைப் பானை!

அடுத்த ஆண்டு நடந்ததைப் பாருங்கள்.

பவன் குணமடைந்தார். 2023 அக்டோபரில் சீனாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. இந்தியக் கபடிக் கோஷ்டிக்கு அவரே தலைவர். 2018-ல் ஈரானிடம் பறிகொடுத்த தங்கப் பதக்கத்தை அவர் தலைமையில் இந்தியா மீட்டது. ஆள் சாமானியர் அல்ல!

அதே மாதம் நடந்த ஏலத்தில் தெலுங்குக் கோஷ்டி அவரை 2 கோடியே 60 லட்சத்து 50 ஆயிரத்துக்கு எடுத்தது. புதிய உச்ச விலை. அவரும் வஞ்சகமில்லாமல் ஆடினார். 200-க்கு மேற்பட்ட ரெய்டுப் புள்ளிகள் எடுத்தார்.

கோஷ்டி? 22 பந்தயங்களில் இரண்டே வெற்றி! கடைசி இடம்!

பவன் மேல் குற்றமா? இல்லை. அவர் தொட்டுவிட்டு வந்த புள்ளியைப் பின்னால் நின்றவர்கள் காப்பாற்றவில்லை.

அப்படியானால் அதிக விலை கொடுப்பதே முட்டாள்தனம் என்று சொல்லிவிடலாமா? அதுவும் தவறு!

ஈரான் நாட்டு ஆட்டக்காரர் முகமதுரேசா ஷாட்லூய். பிடிப்பதில் புலி. 2023-ல் புனே கோஷ்டி அவரை 2 கோடியே 35 லட்சத்துக்கு எடுத்தது. 2024 மார்ச்சில் புனே கோப்பையை வென்றது. அடுத்த ஏலத்தில் ஹரியானா கோஷ்டி அவரை 2 கோடியே 7 லட்சத்துக்கு எடுத்தது. 2024 டிசம்பரில் ஹரியானா கோப்பையை வென்றது!

இரண்டு ஆண்டு, இரண்டு கோஷ்டி, இரண்டு கோப்பை! அவர் மட்டும் எப்படி?

புனே கோஷ்டியில் அஸ்லம் இனாம்தார், மோகித் கோயத் போன்ற இளம் ஆட்டக்காரர்கள் ஏற்கெனவே சேர்ந்து ஆடிப் பழகியிருந்தார்கள். சோறும் குழம்பும் தயாராக இருந்தன. உப்புக்குத்தான் பணம் கொடுத்தார்கள். அது ருசித்தது. சோறே வேகாத வீட்டில் உயர்ந்த நெய்யை வாங்கி வைத்து என்ன பயன்?

ஆக, "இவருக்கு என்ன விலை?" என்று கேட்பதற்கு முன்னால், "நம்மிடம் இல்லாதது எது?" என்று கேட்க வேண்டும். ஆள் பொறுக்குவதில் முதல் பாடம் இதுதான்.

ரெய்டரிடம் எதைப் பார்க்கிறார்கள்?

ஆட்டுக்குப் பல் பார்ப்பது போல, ரெய்டருக்கும் பார்க்க வேண்டியவை உண்டு.

ஒன்று: எத்தனை புள்ளி என்பதைவிட, எத்தனை பந்தயத்தில் என்பது முக்கியம். 22 பந்தயத்தில் 150 புள்ளி எடுத்தவரைவிட, 10 பந்தயத்தில் 100 புள்ளி எடுத்தவர் மேல்.

இரண்டு: எப்படிப்பட்ட புள்ளி? எதிரியின் எல்லைக்குள் போனஸ் கோடு என்று ஒன்று இருக்கிறது. ஆறு பேராவது களத்தில் இருக்கும்போது ஒரு காலை அந்தக் கோட்டுக்கு அப்பால் வைத்து, இன்னொரு காலைத் தூக்கிவிட்டால் யாரையும் தொடாமலேயே ஒரு புள்ளி. சிலர் இதில் கெட்டிக்காரர்கள். ஆனால் எதிரியின் ஆளைக் குறைப்பது தொட்டு எடுக்கும் புள்ளிதான்.

மூன்று: நெருக்கடியில் எப்படி? இரண்டு முறை வெறும் கையோடு திரும்பினால், மூன்றாவது முறை புள்ளி எடுத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ரெய்டர் வெளியே. இதைச் "செய் அல்லது செத்துமடி" ரெய்டு என்கிறார்கள். இதில் ஜெயிக்கிறவர், மொத்தப் புள்ளி குறைவாக இருந்தாலும் தங்கம்!

நான்கு: எந்தப் பக்கம்? சிலர் இடப்பக்கமாகப் புகுவார்கள். சிலர் வலப்பக்கமாகப் புகுவார்கள். ஒரு கோஷ்டியில் எல்லோரும் ஒரே பக்கம் என்றால் எதிரிக்கு வேலை சுலபம். ஏற்கெனவே இடப்பக்கம் இருப்பவருக்குத் துணையாக வலப்பக்கக்காரரைத் தேட வேண்டும். வண்டியில் ஒரே பக்கம் இரண்டு மாடு பூட்ட முடியுமா?

ஐந்து: முழங்கால், தோள், வயது. போன ஆண்டு சிங்கமாக இருந்தவர் இந்த ஆண்டும் சிங்கமாகவே இருப்பார் என்பதற்கு உறுதி இல்லை.

கடைசியாகச் சொன்னதை ஏலக்காரர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். 2024 போட்டியில் தேவாங்க் தலால் என்ற இளைஞர் பாட்னாவுக்கு 301 ரெய்டுப் புள்ளிகள் எடுத்தார். அடுத்த ஏலத்திலேயே வங்காளக் கோஷ்டி அவருக்கு 2 கோடியே 20 லட்சத்து 50 ஆயிரம் கொடுத்தது. போன ஆண்டு விளைந்த வயலைப் பார்த்து இந்த ஆண்டு குத்தகை பேசுவது மாதிரிதான் இது. மழை பெய்தால் லாபம்!

அமெரிக்காவிலும் இதே கதை

இந்தத் தலைவலி நமக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள்.

அமெரிக்காவில் ஒருவிதக் கால்பந்து ஆடுகிறார்கள். பெயர்தான் கால்பந்து, கையால்தான் அதிகம் ஆடுவார்கள்! அதில் "வைட் ரிசீவர்" என்று ஓர் ஆட்டக்காரர். அவர் ஓரமாக ஓடி, தூரத்திலிருந்து எறியப்படும் பந்தைப் பாய்ந்து பிடிக்க வேண்டும். நம் ரெய்டர் மாதிரி, ஜனங்களின் கண் அவர் மேல்தான்.

அங்கே புது ஆட்டக்காரர்களை ஏலம் போடுவதில்லை. முறைவைத்து எடுக்கிறார்கள். போன ஆண்டு கடைசியாக வந்த கோஷ்டிக்கு முதல் முறை. ஜெயித்த கோஷ்டிக்குக் கடைசி முறை. இளைத்தவன் முதலில் சாப்பிடட்டும் என்ற தர்மம்! எடுப்பதற்கு முன் எல்லோரையும் 40 கஜம், அதாவது 120 அடி, ஓடவிட்டுக் கடிகாரத்தில் நேரம் பார்ப்பார்கள்.

2017-ல் ஜான் ராஸ் என்ற வாலிபர் அந்தத் தூரத்தை 4.22 விநாடியில் ஓடினார். அதுவரை அந்தச் சோதனையில் அவ்வளவு வேகமாக ஓடியவர் இல்லை. ஒன்பதாவது ஆளாக அவரை எடுத்தார்கள். ஆனால் பந்தயக் களத்தில் அவர் எதிர்பார்த்தபடி சோபிக்கவில்லை.

அதற்கு வெகு காலம் முன்பு, 1985-ல், ஜெரி ரைஸ் என்று ஒருவர். சின்னக் கல்லூரி. ஓட்டத்தில் பிரமாத வேகமில்லை என்றார்கள். 15 பேரை எடுத்த பிறகு 16-வது ஆளாகத்தான் அவரை எடுத்தார்கள். அவருடைய தகப்பனார் கொத்தனார். மகன் கோடை விடுமுறையில் தகப்பனாருக்குக் கூட நின்று, எறியப்படும் செங்கற்களைக் கையால் பிடித்துப் பழகியவர். அந்தக் கை பின்னால் 1,549 பந்துகளைப் பிடித்தது. அந்த ஆட்டத்தின் சரித்திரத்தில் அவ்வளவு பிடித்தவர் வேறு யாரும் இல்லை!

கடிகாரம் காலின் வேகத்தைச் சொல்லும். செங்கல் பிடித்த கையின் பழக்கத்தைச் சொல்லுமா?

செஞ்சிக்கோட்டை சொல்லும் பாடம்

இனிச் செஞ்சிக்கே திரும்புவோம்.

ராஜா தேசிங்கு கதை தெரியாத வீடு தமிழ்நாட்டில் உண்டா? எவருக்கும் அடங்காத குதிரையை அடக்கியவன் என்று கதை சொல்லுகிறது. 1714-ல் ஆற்காட்டு நவாபின் பெரும்படை வந்தது. இளைஞன் தேசிங்கு சில நூறு குதிரை வீரர்களோடு கோட்டையை விட்டு வெளியே பாய்ந்தான். வீரத்தில் குறைவில்லை. ஆனால் அவன் விழுந்ததும் கோட்டையும் போயிற்று.

அதற்கு முன் அதே கோட்டையில் வேறொன்று நடந்தது. சிவாஜியின் மகன் ராஜாராம் செஞ்சியில் இருந்தபோது, 1690-ல் மொகலாயப் படை வந்து முற்றுகையிட்டது. கோட்டை விழுந்ததோ 1698-ல்! அத்தனை ஆண்டு தாக்குப்பிடித்தது எப்படி? ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகள். மூன்றையும் இணைக்கும் மதில். உள்ளே குளம். உள்ளே நெற்களஞ்சியம். ஒன்று தளர்ந்தால் ஒன்று தாங்கும்.

2025 ஜூலையில் இந்தக் கோட்டையை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. உலகம் வந்து பார்க்கட்டும். கபடிக் கோஷ்டி முதலாளிகளும் ஒரு தடவை வந்து பார்க்கட்டும்! ரெய்டர் தேசிங்கு மாதிரி. அவன் வேண்டும். அவன் இல்லாமல் ஆட்டத்தில் உயிர் இல்லை. ஆனால் பின்னால் மதில் இல்லாவிட்டால் தேசிங்கு மட்டும் என்ன செய்வான்?

தமிழ் தலைவாஸ் இந்தப் பாடத்தை முழுதும் படித்துவிட்டதா? 2024 ஏலத்தில் சச்சின் தன்வருக்கு 2 கோடியே 15 லட்சம் கொடுத்தார்கள். கையில் இருந்தது 5 கோடி. கோஷ்டி ஒன்பதாவது இடம். 2025-ல் அர்ஜுன் தேஷ்வாலுக்கு 1 கோடியே 40 லட்சத்து 50 ஆயிரம். 2025 போட்டி முடியும் வரை கோப்பை சென்னைக்கு வரவில்லை.

நம் வீட்டுப் பிள்ளைக்கு

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

செஞ்சிப் பக்கத்தில் மல்லாட்டை பயிரிடும் ஒரு குடியானவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் மகன் பத்தாவது படிக்கிறான். நன்றாகப் பாடிப் போகிறான். ஊர்ப் போட்டியில் பரிசு வாங்குகிறான். "அப்பா! நான் படிப்பை விட்டுவிடுகிறேன். கபடியில் கோடி சம்பாதிக்கிறேன்" என்கிறான். தகப்பனார் என்ன சொல்ல வேண்டும்?

"வேண்டாம்" என்று அடித்துச் சொல்லக்கூடாது. நம் மண்ணில் ஆட்டத்தால் உயர்ந்தவர்கள் இருக்கிறார்கள். மணத்தி கணேசன் 1994-ல் ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற கோஷ்டியில் இருந்தவர். அர்ஜுனா விருது பெற்றவர். தஞ்சாவூர்ப் பக்கத்துத் தர்மராஜ் சேரலாதன் தலைமையில்தான் 2016-ல் பாட்னா கோஷ்டி கோப்பை வென்றது. பெண்களும் சளைத்தவர்கள் அல்ல. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளைஞர் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கோஷ்டியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். ஆனால் கோடிகள் புரளும் இந்த ஏலம் ஆண்களுக்கு மட்டும்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

"சரி, போ" என்று கண்ணை மூடிக்கொண்டும் சொல்லக்கூடாது. கணக்கைப் பாருங்கள். 2025 ஏலத்தில் பெயர் கொடுத்தவர்கள் 500-க்கு மேல். கோடி வாங்கியவர்கள் பத்துப் பேர். பெயர் கொடுத்தவர்களில் பெரும்பாலோரை யாரும் எடுக்கவில்லை. 500 பேருக்குள் வருவதற்கே எத்தனை ஆயிரம் பிள்ளைகளை முந்த வேண்டும்?

இன்னொன்று. பிரதீப் நர்வால் என்று ஒரு ரெய்டர். எதிரிகளின் கைக்கு அடியில் மூழ்கி எழுந்து வருவார். இந்தப் போட்டியில் மொத்தம் 1,800-க்கு மேல் ரெய்டுப் புள்ளிகள் எடுத்தவர். அவருக்கு முன் அந்த எண்ணிக்கையை யாரும் தொட்டதில்லை. 2021-ல் அவர் விலை 1 கோடியே 65 லட்சம். அன்றைக்கு அதுதான் உச்சம். 2024-ல் 70 லட்சம். 2025-ல்? அவர் பெயரைப் படித்தார்கள். மண்டபம் மௌனமாக இருந்தது. ஒருவரும் கை தூக்கவில்லை! அதோடு அவர் ஆட்டத்திலிருந்து விடைபெற்றார்.

நான்கே ஆண்டு! உச்சியிலிருந்து தரைக்கு! அவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கே இந்தக் கதி. ஆட்டின் விலை அதன் பல் இருக்கிறவரை. ஆட்டக்காரனின் விலை அவன் முழங்கால் இருக்கிறவரை.

ஆகவே தகப்பனார் சொல்ல வேண்டியது இது:

"தம்பி, ஆடு. நன்றாக ஆடு. ஆனால் பள்ளிக்கூடத்தை விடாதே. ரெயில்வேயிலும் போலீசிலும் விளையாட்டு வீரர்களுக்கென்று வேலை ஒதுக்குகிறார்கள். அந்த வேலைக்கும் படிப்புச் சர்டிபிகேட் கேட்பார்கள். இந்தியக் கபடித் தலைவராக இருந்த அஜய் தாக்கூர் இமாசலப் பிரதேசப் போலீசில் அதிகாரியானார். ஏலம் வருஷத்துக்கு ஒரு தடவை வரும், வராமலும் போகும். மாதச் சம்பளம் முதல் தேதி வரும். பாடிப் போவதை மட்டும் பழகாதே, பிடிக்கவும் பழகு. ரெய்டர் ஆக எல்லோரும் ஆசைப்படுவார்கள். நல்ல பிடிகாரன் கிடைப்பது அரிது."

அரசாங்கமும் ஊராட்சிகளும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஏலத்தில் ஆடுவது மெத்தை விரிப்பின் மேல். நம் பிள்ளைகள் பலர் பழகுவதோ மண் தரையில். மண்ணில் ஆடும் கால் வேறு. மெத்தையில் ஆடும் கால் வேறு. தாலுகாவுக்கு ஒரு நல்ல விரிப்பும், அதைக் கற்றுக்கொடுக்க ஓர் ஆசிரியரும், முழங்காலைப் பார்க்க ஒரு வைத்தியரும் இருந்தால் போதும். தமிழ் பெயர் வைத்த கோஷ்டி ஹரியானாவில் ஆள் தேட வேண்டியிருக்காது.

பாடிப் போகிறவனுக்குச் சடுகுடு சொல்லித்தருவது ஒன்றுதான். எவ்வளவு தூரம் போனாலும், மூச்சு இருக்கும்போதே நடுக்கோட்டுக்குத் திரும்பி வந்தால்தான் புள்ளி.

மும்பை ஏலத்துக்குப் போகிற பிள்ளைக்கும் அதுவே பாடம். போகட்டும். தொடட்டும். திரும்பி வந்து நிற்க ஒரு கோடு இருக்கட்டும்!